சோல் 45 தட்டின் ஊர், ஆண்டு, சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி இது: 1960களின் அமெரிக்க சோல் இசை 45கள் (நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சிறு இசைத்தட்டுகள்) வாங்கத் தொடங்கியிருக்கிறேன். பேர் தெரியாத சிறு லேபிள்கள்தான் (தட்டு வெளியிடும் நிறுவனங்கள்) நிறைய வருகின்றன. பலவற்றில் ஊர்கூட அச்சிடவில்லை. எங்கே, எப்போது, யார் வெளியிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அசலா நகலா என்று எப்படிப் பிரிப்பது? சிலது மட்டும் ஏன் அப்படி விலை போகிறது?

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். டேரல் பேங்க்ஸ் பாடிய 'ஓப்பன் த டோர் டு யுவர் ஹார்ட்' 1966இல் டெட்ராய்ட்டின் ரெவிலாட் லேபிளில் வந்தது, தட்டு எண் 201. அமெரிக்க ஆர் அண்ட் பி (கறுப்பினத்தவரின் ஜனரஞ்சக இசை) பட்டியலில் இரண்டாம் இடம் வரை போன பாட்டு என்பதால் ரெவிலாட் தட்டுகள் ஏராளம். இன்றும் பெரிய காசில்லை. இங்கிலாந்தில் அதை லண்டன் லேபிள் அச்சடித்தது. ஆனால் வெளியிடும் உரிமை இ.எம்.ஐ.யின் ஸ்டேட்சைட்டுக்குப் போய்விட, லண்டன் தட்டு கடைக்கு வரவேயில்லை. அந்த லண்டன் தட்டு ஒன்று 2014இல் ஏலத்தில் 14,543 பவுண்டுக்குப் போனது. பாட்டும் குரலும் மாறவில்லை. காசு அந்த அச்சுக்குத்தான். ஆகவே பாட்டின் பெயரை வைத்து விலை தேடுகிறவர் ஏமாறுவார், அல்லது கையில் இருப்பதன் மதிப்பு தெரியாமல் விற்றுவிடுவார்.

இந்தச் சந்தையை உண்டாக்கியவர்கள் வட இங்கிலாந்தின் நடனக்காரர்கள். மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல், பிளாக்பூல் மெக்கா, 1973 முதல் 1981 வரை நடந்த விகன் கசீனோ ஆகிய இடங்களில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனப் பாட்டுகள் மாதிரி வேகமான தாளம் வேண்டும், ஆனால் வேறு யாரிடமும் இல்லாத தட்டாக இருக்க வேண்டும் என்பதே போட்டி. அப்படிப்பட்ட தட்டுகள் எங்கே கிடைக்கும்? அமெரிக்காவில் 500 அல்லது 1,000 பிரதி அடித்து, நாலைந்தை வானொலிக்காரர்களுக்குக் கொடுத்து, மீதியைக் கார் டிக்கியில் வைத்து விற்றுப்பார்த்துத் தோற்றுப்போன உள்ளூர் லேபிள்களில்தான். இன்று மெதுவான பாட்டுகளுக்கும் தனிக் கூட்டம் உண்டு: லாஸ் ஏஞ்சலஸ், டெக்சஸ் பக்கத்து லோரைடர் (தாழ்த்தி அலங்கரித்த கார்) ரசிகர்கள் தேடுவது அந்தக் காதல் பாட்டுகளைத்தான். இங்கிலாந்துக்காரர் தட்டின் ஒரு பக்கத்துக்குக் கொடுக்கும் விலையை இவர்கள் மறுபக்கத்துக்குக் கொடுப்பார்கள். விற்பனை விவரம் பார்க்கும்போது எந்தப் பக்கத்துக்காக அந்த விலை என்று கவனியுங்கள்.

இனி தட்டு. நடுவே உள்ள லேபிள் தாளைப் படிக்கும் முன் ரன்-அவுட்டைப் படியுங்கள். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும்வரை உள்ள வழுவழுப்பான வளையம் அது. லேபிளில் இருப்பது, வெளியிட்டவர் உங்களுக்குச் சொல்ல விரும்பியது. ரன்-அவுட்டில் இருப்பது, ஆலைக்காரர் தன் வசதிக்காகக் குறித்துக்கொண்டது; அதில் பொய் சொல்ல அவருக்குக் காரணம் இல்லை. அறை விளக்கை அணைத்து, ஒரு சிறு டார்ச்சைத் தட்டின் விளிம்புக்கு ஏறக்குறைய சமமாகச் சாய்த்துப் பிடித்து, தட்டை மெல்லச் சுழற்றுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத கையெழுத்துக் கீறல்கூட எழுந்து நிற்கும். பத்து மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) போதும். இரண்டு பக்கத்தையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்: எது கையால் கீறியது, எது அச்சுமுத்திரை, எது அடித்துத் திருத்தப்பட்டது என்பது உட்பட. அடித்துத் திருத்திய எண் மிக உபயோகம், அது பழைய வெளியீட்டு எண்ணாக இருக்கலாம்.

அதில் என்ன தேடுவது? ஒரு முக்கோணமும் அதை அடுத்து ஐந்திலக்க எண்ணும் இருந்தால், தட்டின் உலோக வார்ப்பு லாஸ் ஏஞ்சலஸில் மோனார்க் ஆலையைச் சுற்றியிருந்த வட்டத்தில் தயாரானது. வட்டத்துக்குள் எம்ஆர் இருந்தால் மோனார்க் அச்சு. முக்கோண எண் வேலை வந்த வரிசைப்படி ஏறிக்கொண்டே போகும், இரண்டாம் பக்கத்தில் அதே எண்ணோடு எக்ஸ் சேரும். தேதி தெரிந்த பெரிய லேபிள் தட்டுகள் இரண்டின் எண்ணுக்கு நடுவே உங்கள் எண் விழுந்தால் மாதக்கணக்கில் நெருங்கிவிடலாம். இசட்-டி-எஸ் (ZTS) என்று தொடங்கி P, C அல்லது B எழுத்தில் முடியும் முன்னொட்டு, கொலம்பியாவின் வாடிக்கையாளர் பிரிவில் அச்சானதைக் காட்டும். ஆர்.சி.ஏ.யின் வாடிக்கையாளர் பிரிவில் முதல் எழுத்தே ஆண்டு: எஸ் என்றால் 1965, டி (T) 1966, யு 1967, டபிள்யூ 1968, எக்ஸ் 1969. ஏஆர்பி (ARP) என்ற முத்திரை மிச்சிகனின் ஓவோசோ ஊரில் இருந்த அமெரிக்கன் ரெக்கார்ட் பிரஸ்ஸிங். மோட்டவுன் தட்டுகள் பல அங்கேதான் அச்சாயின. அந்த ஆலை 1972இல் எரிந்துபோனது. 'நாஷ்வில் மேட்ரிக்ஸ்' என்ற முத்திரை டென்னசியைக் காட்டும், ஆனால் தென் மாநிலங்கள் முழுவதிலிருந்தும் அங்கே வேலை போனது. 'ஃப்ராங்க்ஃபோர்டு/வெய்ன்' அல்லது 'வர்ட்யூ' இருந்தால் ஃபிலடெல்ஃபியாவைச் சந்தேகியுங்கள். 'பெல் சவுண்ட்' நியூயார்க் ஸ்டூடியோவின் முத்திரை. அது மாஸ்டர் (அச்சுக்கான மூலத் தட்டு) வெட்டிய இடம், பாடகரின் ஊர் இல்லை. இந்த வேறுபாட்டில்தான் புதியவர்கள் நிறைய வழுக்குகிறார்கள். ஆலை, மாஸ்டர் வெட்டிய ஸ்டூடியோ, லேபிளின் ஊர் மூன்றும் மூன்று மாநிலத்தில் இருப்பது சாதாரணம்.

இவற்றுள் துப்பறிய அருமையானது சின்சினாட்டியின் ரைட் ஆலை. யார் வேண்டுமானாலும் டேப்பையும் பணத்தையும் அனுப்பினால் தட்டு அடித்துக் கொடுத்த இடம். தேவாலயப் பாடகர் குழு, நாட்டுப்புறப் பாட்டு, பள்ளிக்கூட பேண்டு, சோல், எல்லாம் அதே வரிசையில் வரும். ரைட் தட்டின் லேபிளில் ஐந்திலக்க எண் ஒன்று இருக்கும், மறுபக்கத்தில் அதற்கு அடுத்த எண். ரன்-அவுட்டில் சிபி (CP) என்று தொடங்கிக் கையால் எழுதிய இன்னோர் எண் இருக்கும். அது வாடிக்கையாளரின் கணக்கு எண். லேபிளின் பெயர் மாறலாம், ஒரே ஆள் சோலுக்கு ஒரு பெயரும் காஸ்பலுக்கு (கிறிஸ்தவ பக்திப் பாட்டு) ஒரு பெயரும் வைத்திருக்கலாம்; கணக்கு எண் ஒன்றாகவே வரும். உங்கள் ஊர்ப் பெயரில்லாத சோல் தட்டின் சிபி எண், முழு முகவரியோடு வந்த ஏதோ ஒரு காஸ்பல் தட்டிலும் இருந்தால், வேலை முக்கால்வாசி முடிந்தது. ரைட் எண்களைத் தொகுக்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பட்டியலில் சோல் மட்டும் பார்க்காமல் கணக்கு எண்ணைக் கொண்டு எல்லா வகையையும் பாருங்கள்.

அடுத்து லேபிள். முகவரி இருந்தால் அதுவே ஒரு கடிகாரம். 'டெட்ராய்ட் 6, மிச்.' போல ஊர்ப் பெயருக்குப் பின் ஒன்றிரண்டு இலக்கம் மட்டும் இருந்தால் அது பழைய தபால் மண்டல எண். ஐந்திலக்க ஜிப் எண் 1963 ஜூலையில்தான் வந்தது. ஜிப் இருந்தால் அதற்கு முந்தியது இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். மண்டல எண் இருந்தால் 1963க்கு முந்தியது என்று அதே உறுதியோடு சொல்ல முடியாது. மிஞ்சிய பழைய லேபிள் தாளில் அச்சடித்தவர்கள் உண்டு. வட்டத்துக்குள் பி (P) என்ற ஒலிப்பதிவு உரிமைக் குறி அமெரிக்கச் சட்டத்தில் 1972 பிப்ரவரி 15 முதல்தான். '1966' என்று சொல்லப்படும் அமெரிக்கத் தட்டில் அந்தக் குறியைப் பார்த்தால் அது மறுவெளியீடு அல்லது கள்ளப்பதிப்பு. 1965 உள்ளூர் 45இல் 'ஸ்டீரியோ' என்று போட்டிருந்தாலும் புருவம் உயர வேண்டும்.

பிறகு பதிப்பாளர் பெயர். பாட்டின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் பிஎம்ஐ அல்லது ஆஸ்கேப் (பாட்டுக்கான உரிமைத்தொகை வசூலிக்கும் அமைப்புகள்) என்பதோடு இருக்கும். லேபிள் பெயரை இஷ்டத்துக்கு மாற்றினார்கள். பதிப்பகத்தை அவ்வளவு சுலபமாக மாற்றவில்லை, காசு வரும் குழாய் அது. சிகாகோவில் ஒன்-டர்ஃபுல், மார்-வி-லஸ், எம்-பேக் மூன்றும் ஜார்ஜ் லீனருடையவை, தெற்கு மிச்சிகன் அவென்யூ 1827ஆம் எண்ணிலிருந்து இயங்கியவை. மூன்றையும் கட்டுவது வா-பேக் என்ற பதிப்பகப் பெயர். டெட்ராய்ட்டில் கோல்டன் வேர்ல்ட், ரிக்-டிக் தட்டுகளில் மைட்டோ என்று வரும். பதிப்பகப் பெயரில் குடும்பமே ஒளிந்திருக்கும்: மோட்டவுனின் ஜோபெட், பெர்ரி கோர்டியின் பிள்ளைகள் ஜாய், பெர்ரி, டெர்ரி மூவர் பெயரின் தலைப்பைச் சேர்த்தது. பெயர் தெரியாத உள்ளூர்ப் பதிப்பகத்தையும் அப்படி உடைத்துப் பாருங்கள், பாட்டெழுதியவர்களின் குடும்பப் பெயர் பெரும்பாலும் அகப்படும்.

பிஎம்ஐ, ஆஸ்கேப் இரண்டின் இணையத் தேடலிலும் பாட்டுப் பெயரோடு எழுதியவர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். பெயரை மட்டும் தேடினால் அதே தலைப்பில் நூறு பாட்டு வரும். அங்கே கிடைப்பது இன்றைய உரிமையாளர். அன்றைய உரிமையாளருக்கு அமெரிக்கக் காப்புரிமை (காப்பிரைட்) அலுவலகம் அச்சிட்டு வந்த பட்டியல் தொகுதிகள் வேண்டும். 1977 வரையிலான தொகுதிகள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இருக்கின்றன. இசைப் பகுதியில் 'இயூ' (EU) என்று தொடங்கும் எண் வெளியிடப்படாத கையெழுத்துப் பிரதியாகப் பதிவானது, 'இபி' (EP) வெளியிடப்பட்டது. சிறு லேபிள்காரர்கள் பெரும்பாலும் ஸ்டூடியோவுக்குப் போகும் சமயத்தில் இயூ பதிவு செய்தார்கள். ஆக அந்தத் தேதி வெளியீட்டுத் தேதி இல்லை, அதற்கு முந்திய எல்லை. 1972க்கு முன் ஒலிப்பதிவுக்கே கூட்டாட்சிக் காப்புரிமை கிடையாது என்பதால் இந்தத் தொகுதிகளில் பாட்டைத்தான் தேட வேண்டும், தட்டையோ பாடகரையோ தேடினால் ஒன்றும் வராது.

வெளியீட்டு வாரத்துக்கு வியாபாரப் பத்திரிகைகள்: பில்போர்டு, கேஷ் பாக்ஸ், ரெக்கார்டு வேர்ல்டு. பில்போர்டு 1963 நவம்பர் இறுதியிலிருந்து 1965 ஜனவரி வரை ஆர் அண்ட் பி பட்டியலையே நிறுத்தி வைத்திருந்தது. '1964இல் இந்தப் பாட்டு பட்டியலிலேயே இல்லை' என்று விற்பவர் எழுதுவதைப் பார்த்தால் சிரித்துக்கொண்டு அதே வாரத்துக் கேஷ் பாக்ஸைத் திறங்கள். தேசியப் பட்டியலுக்கு எட்டாத தட்டுகளுக்கு உள்ளூர் வானொலிகளின் வாரப் பட்டியல் தாள்கள் உண்டு: சிகாகோவின் டபிள்யூ-வி-ஓ-என், ஃபிலடெல்ஃபியாவின் டபிள்யூ-டி-ஏ-எஸ், லாஸ் ஏஞ்சலஸின் கே-ஜி-எஃப்-ஜே. ஒரு நிலையத்தில் மட்டும் மூன்று வாரம் ஓடியிருந்தால் அதுதான் சொந்த ஊர் என்று பந்தயம் கட்டலாம்.

லேபிள் முகவரியை அந்த ஆண்டின் நகர விவரத் தொகுதியில் (சிட்டி டைரக்டரி) பாருங்கள்; பெரிய ஊர்களின் பொது நூலகங்கள் வைத்திருக்கின்றன, பல ஸ்கேன் ஆகியும் இருக்கின்றன. அந்த எண்ணில் ரெக்கார்டு கடையோ முடிதிருத்தும் கடையோ வீடோ இருக்கும், கூடவே பெயரும். கவுன்ட்டி அலுவலகத்தின் வணிகப் பெயர்ப் பதிவேடு அடுத்த படி. இசைக்கலைஞர் சங்கத்தின் ஒலிப்பதிவு ஒப்பந்தத் தாள் கிடைத்தால் வாசித்தவர் பெயர், தேதி, ஸ்டூடியோ எல்லாம் ஒரே தாளில். ஆனால் சின்ன லேபிள்காரர்கள் பலர் சங்கத்துக்குத் தெரியாமலே பதிவு செய்ததால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். சிகாகோவில் தேடும்போது ஒரு விஷயம்: 1966 வரை அங்கே கறுப்பினக் கலைஞர்களுக்குத் தனிச் சங்கம், கிளை 208, அதன் பிறகுதான் கிளை 10உடன் சேர்ந்தது.

ஒரே பாட்டு இரண்டு லேபிளில் இருந்தால் குழம்ப வேண்டாம். உள்ளூரில் விற்கத் தொடங்கியதும் பெரிய நிறுவனத்துக்குக் குத்தகைக்குக் கொடுப்பது அந்தக் காலத்து வழக்கம். மார்வ் ஜான்சனின் 'கம் டு மீ' 1959இல் டாம்லா 101ஆக டெட்ராய்ட்டில் வந்து, உடனே யுனைட்டெட் ஆர்டிஸ்ட்ஸ் 160ஆக நாடு முழுதும் போனது. இப்படி வரும் இணையில் உள்ளூர் அச்சுதான் அரிது. அதேபோல் ஒரே லேபிள் பெயர் நான்கு ஊரில் இருக்கும். சிகாகோவின் ட்வைலைட் லேபிள் அதே பெயரில் வேறொருவர் இருந்ததால்தான் ட்வைநைட் ஆனது. இணையத் தரவுத்தளங்களில் இந்தப் பெயர்க் குழப்பம் ஏராளம். அங்கே உள்ள ஆண்டும் பலசமயம் யாரோ ஒருவரின் ஊகம். படங்களுக்காகவும் ரன்-அவுட் எழுத்துகளுக்காகவும் அவற்றைப் பயன்படுத்துங்கள், தேதிக்காக அல்ல.

கள்ளப்பதிப்புக்கு வருவோம். ஃபிராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ' 1965இல் மோட்டவுனின் சோல் லேபிளுக்காக அச்சாகி வெளிவராமல் போனது. விரல்விட்டு எண்ணும் பிரதிகளே மிஞ்சின. ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்கும், 2020இல் ஒன்று ஒரு லட்சம் பவுண்டுக்கும் விற்றன. 1970களில் இங்கிலாந்தில் இதே பாட்டு எடி ஃபாஸ்டர் என்ற பொய்ப் பெயரில் சுற்றியது. போட்டி டிஜேக்கள் கண்டுபிடிக்காமலிருக்க லேபிளை வெள்ளைத் தாளால் மறைத்துப் பெயரை மாற்றுவது அன்றைய வழக்கம். அந்தக் காலத்துக் கள்ளத்தட்டுகளுக்கே இன்று ஐம்பது வயது ஆகிவிட்டது, அதனால் 'பழசாகத் தெரிகிறதே' என்பது சான்று இல்லை. பார்க்க வேண்டியவை: அசலில் முத்திரையாக இருப்பது உங்களுடையதில் கையால் கீறப்பட்டிருக்கிறதா, லேபிள் எழுத்தின் ஓரம் லூப்பில் கூர்மையாக இருக்கிறதா, அல்லது புகைப்படத்திலிருந்து எடுத்ததுபோல் புள்ளி புள்ளியாகக் கலங்குகிறதா, அசல் ஸ்டைரீனில் (வினைல் அல்லாத இன்னொரு பிளாஸ்டிக்) மட்டும் அறியப்பட்டதென்றால் உங்களுடையது வினைலா. கடைசியதை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்லாதீர்கள், மோனார்க் வட்டத்து உலோகத் தகடு வேறு ஆலைக்குப் போய் வினைலில் அச்சானதும் உண்டு. இரண்டு அடையாளமாவது ஒத்துப்போக வேண்டும்.

ஸ்டைரீனைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் தட்டின் நிலைமையைப் படிப்பதே இதனால் மாறுகிறது. வினைல் தட்டு, சூடான உருண்டையை லேபிளோடு சேர்த்து அழுத்திச் செய்வது; லேபிள் தட்டோடு ஒன்றியிருக்கும். ஸ்டைரீன் ஊசிமருந்துபோல் அச்சுக்குள் பாய்ச்சப்படுவது. லேபிள் பின்னால் ஒட்டப்படும், அதனால் ஓரம் லேசாகத் தூக்கி நிற்கும். வளைத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டாம், உடைந்துவிடும். ஸ்டைரீன் கண்ணுக்குப் பளபளவென்று இருந்தும் காதுக்குக் கரகரக்கும். கனமான பழைய ஊசியும், பாட்டுத் தொடக்கத்தைத் தேடி டிஜேக்கள் முன்னும் பின்னும் ஆட்டியதும் பள்ளத்தின் சுவரை அரித்துவிடும். முதல் சில வினாடி மட்டும் சீறும் சத்தம் வருவது அதனால்தான். இன்னொரு நோய், லேபிள் பசை நாளடைவில் மறுபக்கத்துக்கு ஊறி, லேபிளை ஒட்டிய கடைசிப் பள்ளங்களில் சீறல் உண்டாக்குவது. இரண்டுக்கும் மருந்து இல்லை. ஆகவே ஸ்டைரீன் தட்டைப் பார்த்து மட்டும் தரம் போட்ட விற்பனையாளரிடம், ஓட்டிக் கேட்ட தரம் கேளுங்கள், தொடக்க முப்பது வினாடியின் ஒலிப்பதிவும் கேளுங்கள். தரக் குறிகளில் விஜி பிளஸ் (மிக நன்று, கூடுதல்) என்றால் நியர் மின்ட் (ஏறக்குறையப் புதிது) விலையில் பாதி, விஜி (மிக நன்று) என்றால் கால்வாசி என்பது அமெரிக்கக் கணக்கு. ஐந்தாறு பிரதியே தெரிந்த தட்டுக்கு அந்தக் கணக்கு செல்லாது. லேபிளில் பேனா எழுத்து, துளை, கிழிசல் ஒலியைப் பாதிக்காது, விலையைக் குறைக்கும். கேட்பதற்காக வாங்குகிறவருக்கு அது நல்ல வாய்ப்பு.

கழுவுவதற்கு ஒரு லிட்டர் வடிநீரில் ஃபோட்டோ-ஃப்ளோ (ஃபிலிம் கழுவப் பயன்படும் திரவம்) நான்கைந்து துளி, மெல்லிய தூரிகை, பிறகு வெறும் வடிநீரில் ஒரு தடவை. ஸ்டைரீனுக்கு ஆல்கஹால் வேண்டாம், லேபிளை நனைக்க வேண்டாம். பிவிசி உறையில் வைத்தால் தட்டில் பனிமூட்டம்போல் படியும். பாலிப்ரொப்பிலீன் அல்லது வெறும் தாள் உறை. மோனோ தட்டு என்பதால் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்துங்கள், பள்ளத்தின் மேல்கீழ் அதிர்வுச் சத்தம் கணிசமாக அடங்கும். தேய்ந்த தட்டுக்கு 0.7 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஊசியில் சத்தம் அதிகமென்றால் 1 மில் கூம்பு ஊசியைப் போட்டுப் பாருங்கள். அது பள்ளத்தில் வேறோர் உயரத்தில், தேயாத சுவரில் உட்காரும்.

லேபிள்காரரின் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டால் முதல் கடிதத்தில் விலையைப் பேசாதீர்கள். இரு பக்க லேபிளின் படம், ரன்-அவுட் எழுத்து, கிடைத்த காப்புரிமைப் பதிவின் தேதி இவற்றை அனுப்பி, டேப்போ விற்காத பெட்டியோ ஒப்பந்தத் தாளோ இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். வாஷிங்டனின் ஷ்ரைன் லேபிளின் மிச்சச் சரக்கு 1968 கலவரத்தில் கிடங்கோடு எரிந்தது என்று சொல்வார்கள். அப்படிப்பட்ட கதை எல்லா ஊரிலும் உண்டு, எரிந்தது என்று சொன்ன பெட்டி பரணில் இருந்ததும் உண்டு. ஓஹாயோவின் கொலம்பஸில் வானொலி அறிவிப்பாளர் பில் மோஸ் நடத்திய கேப்சோல் லேபிளை சிகாகோவின் நியூமெரோ குரூப் தேடிப்பிடித்து 2004இல் மறுவெளியீடு செய்தது. அந்த நிறுவனத்தின் முதல் தட்டே அதுதான்.

நீங்களும் மறுவெளியீடு செய்ய நினைத்தால் இரண்டு அனுமதி வேண்டும்: ஒலிப்பதிவுக்கு லேபிள்காரர் அல்லது அவர் வாரிசிடம் ஒன்று, பாட்டுக்குப் பதிப்பாளரிடம் ஒன்று. '1972க்கு முந்தியது, உரிமை கிடையாது' என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். 2018இல் வந்த அமெரிக்கச் சட்டப்படி 1957 முதல் 1972 பிப்ரவரி 14 வரையிலான ஒலிப்பதிவுகளுக்கு 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு இருக்கிறது.